நடுவில் இரட்டை

மிஸ்ஸியம்மாவின் குடிலில் எண்களை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை.

மணி என்ன என்று யாராவது கேட்டால் மிஸ்ஸியம்மா சுவர்க் கடிகாரத்தைக் கை காட்டுவார். தேதி கேட்டால் காலண்டரைக் காட்டுவார். முன்பு ஒருமுறை, தேடி வந்த ஒருவரிடம், "வீட்டுல எத்தனை பேரு?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டார். வந்தவர் விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. கும்பிடு போட்டுவிட்டு நேராக லாட்டரி எடுக்கும் நம்பர் கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இந்த ஜாக்கிரதை.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பெருஞ்சாலையை ஒட்டியது அந்த ஊர். புதன், சனி, ஞாயிறு என்றால் நாலு இலக்க லாட்டரிக் குலுக்கல். கனவில் பாம்பு வந்தால் அதற்கொரு நம்பர், வீட்டுக்குள் உடும்பு புகுந்தால் அதற்கொரு நம்பர் என்று ஊரே எடுக்கும். அப்படிப்பட்ட ஊரில், கண்ணை மூடி உட்காரும் ஒருவர் அகப்பட்டால் சும்மா விடுவார்களா?

மிஸ்ஸியம்மாவின் பெயர் குணவதி. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நர்ஸை மிஸ்ஸி என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலையை விட்ட பிறகும் பெயர் விடவில்லை. காலையில் வருகிறவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் எல்லோருக்கும் கஞ்சி. அவ்வளவுதான் குடில்.

அங்கே தங்கியிருந்த ஒரே சீடர் தண்ணிமலை. அறுபதை நெருங்கியவர். குருவைவிடப் பல வயது மூத்தவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார்.

தண்ணிமலை ஒரு பஸ் கம்பெனியில் டைம்டேபிள் போட்டவர். எந்த பஸ் எப்போது கிளம்பினால் எந்த பஸ் எங்கே எதிர்ப்படும் என்று தலைக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார். தப்பாது. அவர் மனைவி கமலவேணி ஒரு நாள் காலையில் கறிவேப்பிலை பறிக்கப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு போனபோது செடிக்குக் கீழே கிடந்தார். கையில் கொத்து அப்படியே இருந்தது. நோய் கிடையாது, நொடி கிடையாது.

"முன்னாடியே ஏதாச்சும் அறிகுறி இருந்திருக்கும். நான்தான் பாக்கலை" என்று சொல்லிக்கொண்டே குடிலுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். கூட்டினார், சமைத்தார், கஞ்சி ஊற்றினார். பிறகு எப்படியோ, பழைய குலுக்கல் முடிவுகளைச் சேர்க்க ஆரம்பித்தார்.

பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டி வெட்டிப் பெரிய அட்டைகளில் ஒட்டினார். சிவப்பு மையால் கோடு இழுத்தார். எந்த எண் எத்தனை வாரம் வராமல் இருந்து வந்தது, எதற்குப் பின்னால் எது வந்தது என்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஏதோ தெரிந்தது. ஒருமுறை அவர் சொன்னது ஆறுதல் பரிசில் வந்தது. அதோடு, மிஸ்ஸியம்மாவிடம் நம்பர் கேட்டு ஓய்ந்துபோனவர்கள் எல்லோரும் சீடர் பக்கம் திரும்பினார்கள்.

தண்ணிமலை தயங்கித் தயங்கி அட்டைகளைக் குருவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"நான் யாருக்கும் நம்பர் கொடுக்கலை அம்மா. போக்கு மட்டும்தான் சொல்றேன்."

"சரி."

"நான் ஒண்ணும் எடுக்கிறதும் இல்லை."

"தெரியும்."

"ஆனா ஒண்ணு கேக்கணும். நடக்கிறதெல்லாம் ஒரு ஒழுங்குலதானே நடக்குது? பஸ் மாதிரி. ஸ்டாப்புல நிக்கிறவனுக்குத்தான் அது திடீர்னு வருது. டைம்டேபிள் கையில இருக்கிறவனுக்குத் திடீர்னு ஒண்ணுமே கிடையாது. நடந்ததை ஒழுங்காப் பாத்தா, நடக்கப் போறது தெரியாதா?"

மிஸ்ஸியம்மா அட்டைகளைப் பார்த்தார். அழகாக ஒட்டியிருந்தது. ஓரம்கூடப் பிசகவில்லை.

"நான் இருந்த வார்டுல ஒரு பேச்சு உண்டு" என்றார். "சாவு மூணு மூணா வரும்னு. ரெண்டு பேர் போயிட்டா, அடுத்தது எந்தக் கட்டில்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் வாயிலிருந்து எண் வந்ததே தண்ணிமலைக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்படியே நடந்துச்சா அம்மா?"

"சில தடவை நடந்துச்சு."

"பாத்தீங்களா."

"ஒரு தடவை, ஜன்னலோரக் கட்டில்ல ஒரு சீனத்து அம்மா. மூணாவது அவங்கதான்னு வார்டே முடிவு பண்ணிருச்சு. அன்னிக்கு முழுக்க அந்தக் கட்டில் பக்கம் யாரும் போகலை."

"இறந்துட்டாங்களா?"

"இல்லை. சாயங்காலம் எழுந்து உக்காந்து, ரொம்பத் தாகமா இருக்கு, யாராச்சும் தண்ணி தர்றீங்களான்னு கேட்டாங்க."

தண்ணிமலை அட்டையின் ஓரத்தை விரலால் நீவினார்.

"அப்படின்னா அந்தக் கணக்கு தப்புன்னு சொல்றீங்க."

"கஞ்சி அடிப்பிடிக்குது அண்ணே" என்றார் மிஸ்ஸியம்மா.

தண்ணிமலை அடுப்படிக்கு ஓடினார். அந்தக் கதையை அதன் பிறகு அவர் நினைக்கவில்லை.

நம்பர் கேட்டு வருகிறவர்களில் இடியாப்பக்காரர் ஒருவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருத் தெருவாக இடியாப்பம் விற்பவர். வியாபாரம் முடிந்து சாயங்காலம் வருவார். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் கடந்து வந்து, குடில் வாசலில் தண்ணிமலையின் பக்கத்தில் குந்துவார். மீந்த இடியாப்பம் இருந்தால் ஒரு பொட்டலம் கொடுப்பார்.

மற்றவர்கள் வருவார்கள், கேட்பார்கள், ஓடிவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. தண்ணிமலை சொல்வதை முழுக்கக் கேட்பார்.

"அப்படியா? அப்புறம்?" என்பார். "அந்த ஏழு ஏன் அப்புறம் வரவே இல்லை?" என்பார்.

தண்ணிமலை அவருக்காகவே சில நாள் அட்டையைத் தயாராக எடுத்து வைத்திருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணிமலை பரபரப்பாக இருந்தார். நாலு எண்ணில் நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றுபோல வந்து வெகு காலம் ஆகியிருந்தது. கோடுகள் எல்லாம் அதை நோக்கித்தான் போயின.

"நடுவுல இரட்டை" என்றார் இடியாப்பக்காரரிடம். "ஏழா இருந்தாலும் இருக்கும். இந்த வாரம் விட்டா அப்புறம் எப்பவோ."

"அப்படியா?"

"நிச்சயம். இன்னிக்கே எடுத்து வச்சிருங்க. கடை மூடப் போறான். சீக்கிரம் போங்க."

இடியாப்பக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்தார். கைலியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். வானம் இருட்டியிருந்தது. முதல் தூறல் விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாலையை நோக்கி ஓடினார்.

தண்ணிமலை அட்டையை மழைக்கு மறைத்து உள்ளே கொண்டுபோகத் திரும்பினார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

செம்பனைப் பழம் ஏற்றிய லாரி சாலையில் குறுக்காக நின்றது. குலைகள் சரிந்து உருண்டிருந்தன. டிரைவர் இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி இடியாப்பக்காரர் கிடந்தார்.

எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை, அதற்குள் ஒரு கூட்டம். ஆனால் கூட்டம் கிடந்தவரைச் சுற்றி இல்லை. லாரியின் முன்னால் இருந்தது. ஆளாளுக்குப் போனை நீட்டி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணிமலையும் ஓடினார். கிடந்தவரைப் பார்க்கத்தான் ஓடினார். ஆனால் கண் பிளேட்டில் விழுந்துவிட்டது.

நாலு எண். நடுவில் இரண்டு ஏழு.

அவருக்குள் எல்லாச் சத்தமும் நின்றது. மழை, கூட்டம், டிரைவரின் அழுகை எதுவும் கேட்கவில்லை. அட்டையின் சிவப்புக் கோடுகள் கண் முன்னால் நீண்டு வந்து அந்தப் பிளேட்டில் முட்டி நின்றன. முதல் எண் பொருந்தியது. கடைசி எண்ணும் பொருந்தியது.

"ஐயா." முடிவெட்டும் கடை கண்ணையா அவர் தோளைத் தொட்டார். "இது உங்க கணக்குல வருதா?"

தண்ணிமலை தலையாட்டினார்.

அவ்வளவுதான் செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டலைப் பலர் பார்த்தார்கள்.

"அண்ணே, குடை."

யாரோ கூப்பிடுவது கேட்டது.

"அண்ணே. குடை கொண்டு வாங்க."

திரும்பினார். மிஸ்ஸியம்மா சாலையில் மண்டியிட்டு, இடியாப்பக்காரரின் கழுத்து அசையாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெகு நேரமாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். குரல் கம்மியிருந்தது. கையை எடுக்க முடியாது. மழை நேராக இடியாப்பக்காரரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் தண்ணிமலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் குடை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது கண் மூடியிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய மலாய் இளைஞர் கேட்டார்.

"இவர் பெயர் என்ன?"

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இடியாப்பக்காரர்" என்றார் தண்ணிமலை.

"பெயர்?"

தண்ணிமலை வாயைத் திறந்தார். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. கேட்டதே இல்லை. பெயருக்குப் பதிலாக நாக்கு நுனியில் வந்து நின்றது லாரியின் நம்பர். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அங்கமுத்து" என்றார் மிஸ்ஸியம்மா.

அங்கமுத்து அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பிரேதம் கிடைக்கத் தாமதமானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எரித்தார்கள். மிஸ்ஸியம்மா போனார். தண்ணிமலை போகவில்லை. காலில் பலமில்லை என்றார். உண்மையிலேயே இல்லை. பாயில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். குருவும் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் தண்ணிமலை அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே பட்டாசு வெடித்தது. ஒரு சரம் முடிவதற்குள் இன்னொன்று. கண்ணையா செருப்போடு உள்ளே ஓடிவந்தார்.

"ஐயா. முதல் பரிசு. அப்படியே, எண் மாறாம. ஊர்ல பாதிப் பேரு எடுத்திருக்காங்க ஐயா. நீங்க தலையாட்டினதைப் பாத்துட்டுத்தான்."

தண்ணிமலையின் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளி எழுந்தது. சந்தோஷம்தான், வேறு ஒன்றும் இல்லை. மனைவி போன பிறகு அவர் அறியாத சந்தோஷம். என் கணக்கு சரி. ஒழுங்கு இருக்கிறது. நான் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் அது இருந்தது. பிறகு தான் எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்தார். கண்ணையா என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். அவர் பல் தெரிந்தது, உதடு அசைந்தது. வார்த்தை எதுவும் தண்ணிமலையின் காதில் ஏறவில்லை.

"பட்டாசு எங்க வெடிக்குறாங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"ரோட்டுலதான் ஐயா. அவர் விழுந்த இடத்துல. மாலை போட்டு, பழம் வச்சு, சிகரெட் எல்லாம் வச்சிருக்கோம். நன்றி சொல்லணும்ல?"

"அவர் சம்சாரம் இருக்கிற வீடு பக்கத்துத் தெருதானே?"

கண்ணையா கொஞ்சம் யோசித்தார்.

"ஆமாம்" என்றார். "அது வரைக்கும் கேக்கும்."

மறுநாள் பொழுது விடிவதற்கே காத்திருந்ததுபோல் குடில் வாசலில் கூட்டம். வாசலில் கார்கள், மோட்டார் சைக்கிள்கள். மிஸ்ஸியம்மாவைத் தாண்டிக்கொண்டு வந்து தண்ணிமலையின் காலில் விழுந்தார்கள். யாரோ ரோஜா மாலை போட்டார்கள். அவர் கழற்றினார். இன்னொருவர் போட்டார். அடுத்த குலுக்கலுக்குப் போக்கு எப்படி என்று ஒருவர் காதோடு கேட்டார்.

ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. தம்பி ஓட்ட, தெய்வானை அதிலிருந்து இறங்கினார். அங்கமுத்துவின் மனைவி. சாம்பல் எடுத்துக் கடலில் கரைக்கப் போகிற வழி. நெற்றியில் பொட்டில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது.

அவர் நேராகத் தண்ணிமலையிடம் வந்தார். கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

தண்ணிமலை மாலையைக் கழற்றப் பார்த்தார். நார் சட்டைப் பித்தானில் சிக்கிக்கொண்டது.

"அந்த நம்பர் முன்னாடியே உங்க கணக்குல இருந்துச்சாமே? எல்லாரும் சொல்றாங்க."

அவர் நாரைப் பித்தானிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த நம்பர் முன்னாடியே தெரியும்னா, அந்த லாரி வர்றதும் தெரிஞ்சிருக்கும்தானே?" தெய்வானையின் குரல் உயரவில்லை. வழி கேட்கிறவர்போலத்தான் கேட்டார். "அன்னிக்கு இங்கதான் உக்காந்திருந்தார். உங்ககிட்டப் பேசிட்டுத்தான் எழுந்திருச்சார். இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு, அப்புறம் போகலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா."

யாரோ ஓங்கி அறைந்ததுபோலிருந்தது தண்ணிமலைக்கு. முன்னாடியே அறிகுறி இருந்திருக்கும். இவ்வளவு நாள் அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இப்போது வேறொருவர் வாயிலிருந்து, அவரைப் பார்த்து.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"கணக்குல இருந்துச்சே."

"எனக்கு எதுவுமே தெரியாது." மாலையிலிருந்து கையை எடுத்தார். "உக்காரச் சொல்லலை. சீக்கிரம் போங்கன்னு சொன்னேன். கடை மூடிருவான்னு நான்தான் விரட்டினேன்."

தெய்வானை அவர் முகத்தையே பார்த்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"சீக்கிரம் போகச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது பின்னால் கிசுகிசுவென்று ஒரு பேச்சு. பிறகு ஒரு சிறு வெளிச்சம். தண்ணிமலை நிமிர்ந்து பார்த்தார். கண்ணையா குனிந்து, தெய்வானை வந்த வெள்ளைக் காரின் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில கைகள் போனோடு நீண்டன.

தெய்வானையும் திரும்பிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், வாசல் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணிமலைக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. இவர்களை என்ன சொல்லி விரட்டுவது? அன்றைக்கு அந்த லாரிக்கு முன்னால் தானும் இப்படித்தான் நின்றோம் என்பது தவிர அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மிஸ்ஸியம்மா படி இறங்கி வந்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவே நடந்து போய், ஈர மண்ணில், அந்தக் காருக்கு முன்னால் உட்கார்ந்தார். முதுகைப் பிளேட்டில் சாய்த்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றார் கண்ணையா.

அவர் அசையவில்லை.

கொஞ்ச நேரம் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் செருமினார். ஒருவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஒரு வண்டி கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. கண்ணையா கடைசியாகப் போனார். போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வாசல் காலியான பிறகு மிஸ்ஸியம்மா எழுந்தார். புடவையெல்லாம் சேறு.

"படகுல ஏறி இறங்க ஒரு கை குறையும்" என்றார் தண்ணிமலையிடம். "கூடப் போயிட்டு வாங்க அண்ணே."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

அவர் தெய்வானையைப் பார்த்தார். தெய்வானை வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணிமலை மாலையை அறுத்து எடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

வழி முழுக்கச் சாம்பல் பானை தெய்வானையின் மடியில் இருந்தது. படகில் ஏறும்போது தண்ணிமலை அதை வாங்கிப் பிடித்தார். இன்னும் லேசாகச் சூடிருந்தது. அந்தச் சூடு உள்ளங்கையில் பட்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். தெய்வானையின் தம்பி தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

கரைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் தெய்வானை பேசினார்.

"அவரு நம்பர் எடுக்கிற ஆளே இல்லை அண்ணே."

தண்ணிமலை நிமிர்ந்தார்.

"ஒரு நாளும் எடுத்ததில்லை. அவங்க அப்பா அதுலயே அழிஞ்சாரு. நம்பர் கடைப் பக்கம்கூடப் போகமாட்டாரு."

"எங்கிட்ட வந்து கேப்பாரே அம்மா. தவறாம வருவாரே."

"உங்களுக்காக வருவாரு." தெய்வானை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாவம், சம்சாரம் போன மனுசன், பேச ஆளில்லாம அந்த நம்பரையே பேசிக்கிட்டு இருக்காரு, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வந்தா நல்லாருக்கும்னு சொல்வாரு. எனக்குக்கூடக் கோவம் வரும். வீட்டுல நான் ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கேன்னு."

படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது.

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படி ஓடினாரு?" என்றார் தண்ணிமலை.

"எனக்கென்ன தெரியும்? மழை வந்துச்சு. பெட்டி நனையுமேன்னு ஓடியிருப்பாரு. இல்ல, நீங்க சொன்னீங்களேன்னு உங்க மனசு நோகாம இருக்க ஓடியிருப்பாரு. இல்ல, வீட்டுக்குத்தான் ஓடினாரோ என்னவோ." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கேக்க ஆள் இல்லை இப்ப."

தண்ணிமலை குடிலுக்குத் திரும்பியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மிஸ்ஸியம்மா சேறு பட்ட புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணிமலை அறைக்குள் போய் அட்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டார்.

"எரிச்சிரட்டுமா?"

"உங்க இஷ்டம்."

"திட்டுங்களேன் அம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, இது பாவம், விட்டுத் தொலைன்னு."

மிஸ்ஸியம்மா புடவையின் மறுமுனையை நீட்டினார். தண்ணிமலை பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்த்து உதறினார்கள்.

"அவர் என்னைப் பாக்கத்தான் வந்திருக்காரு" என்றார் தண்ணிமலை. "நம்பருக்கு இல்லை. அவர் பேருகூட நான் கேக்கலை."

"ம்."

"நான் விரட்டினதால போனாரா, மழைக்குப் போனாரான்னு தெரியலை. நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சாக்கூட அதைப் பிடிச்சுக்கிட்டு அழுவேன். அதுவும் இல்லை."

மிஸ்ஸியம்மா கொடியில் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆறலை அம்மா." தண்ணிமலை தரையில் உட்கார்ந்தார். "என் கணக்கு பொய்யாப் போயிருந்தா, நான் ஒரு முட்டாள்னு விட்டுட்டுப் போயிருப்பேன். நிம்மதியாக்கூட இருந்திருக்கும். அது பலிச்சிருச்சே. அதே எண். அதே வாரம். அவர் சாவுல வந்து பலிச்சிருச்சே. அது ஏன் பலிச்சது? அதை மட்டும் சொல்லுங்க. அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

மிஸ்ஸியம்மா வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதையும் கணக்குப் போடப் போறீங்களா அண்ணே?"